மருமகனுக்கு வாங்கிய பழைய கடிகாரம்

ஷெய்கு நூகுக்கு முப்பத்திரண்டு வயது. அவருடைய சீடர் கலந்தருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

கலந்தர் முதலில் ஷெய்குவின் வாப்பாவிடம் சீடராக இருந்தவர். வாப்பா மவுத்தான பிறகு அவர் உட்கார்ந்த பாயில் மகன் உட்கார்ந்தார். அந்த மகனைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர்தான் கலந்தர். அதை அவர் மறக்கவும் இல்லை, வெளியே சொல்லிக்கொள்ளவும் இல்லை. வந்தால் ஷெய்குவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், கீழே உட்காருவார். ஷெய்கு அவரைக் காக்கா என்று கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த ஓட்டுக் கட்டடம்தான் அவர்களுடைய தைக்கா, ஷெய்கு உட்காரும் மடம். அங்கே பாய் உண்டு, தண்ணீர்ப் பானை உண்டு, கேட்க வந்தவர்களுக்குப் பதிலும் உண்டு. பதில் எப்போதும் வாய் வழியாகத்தான் வரும் என்று சொல்ல முடியாது.

ஒரு நாள் மாலை அஸர் தொழுகை முடிந்து கலந்தர் வந்தார். மடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு கைக்கடிகாரங்கள். இரண்டும் சாவி கொடுக்கிற பழைய காலத்துக் கடிகாரங்கள்.

“நம்பி வாங்கக்கூடிய பழைய கடிகாரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது, ஷெய்கே?”

“யாருக்கு, காக்கா?”

“மாப்பிள்ளைக்கு.”

அவ்வளவு சொல்லிவிட்டுக் கலந்தர் தலையைக் குனிந்துகொண்டார். ஷெய்கு பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். குடித்த பிறகு மீதி வந்தது.

எங்கள் ஊர் வழக்கப்படி பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். கலந்தரின் மகள் ருகையாவைக் கட்டிய சதக்கும் அப்படித்தான் வந்தான். பக்கத்து ஊர்க்காரன். வாப்பா இல்லை. உம்மா அவனுடைய அக்கா வீட்டில் இருந்தாள். கல்யாணம் முடிந்ததிலிருந்து மாமனாரின் கைலிக் கடையில்தான் அவனுக்கு வேலை. ருகையா இப்போது ஏழு மாதம் முழுகாமல் இருந்தாள்.

இந்த நேரத்தில் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வர ஆரம்பித்திருந்தார். துபாயில் துணிக் கிடங்கில் வேலை இருக்கிறது, சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் விசா வந்துவிடும் என்றார். சதக்கு போகிறேன் என்று சொல்லவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டான். ருகையா அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவனிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. உம்மாவிடம் அழுதாள். உம்மா கலந்தரிடம் சொன்னாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அந்த ஏஜென்ட் முடிவு கேட்க வருவார்.

ஏன் போக நினைக்கிறான் என்று கலந்தருக்குப் புரியவே இல்லை. வீட்டில் ஒரு குறையும் வைத்ததில்லை. மாப்பிள்ளை, வாங்க, போங்க என்று மரியாதையோடுதான் பேசுவார். ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தியது கிடையாது. கடையில் அவன் கைலி மடித்து வைத்தால், இந்த ஓரம் உள்ளே போனா நல்லா இருக்கும் மாப்பிள்ளை என்று சொல்லி, பிரித்து மறுபடி மடித்து வைப்பார். அவன் ஷட்டரைப் பூட்டினால் இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். அவன் மீன் வாங்கி வந்தால் செவுளைத் திறந்து பார்ப்பார். நல்ல மீன்தான், அடுத்த தரம் அந்தக் கோடியில உக்காந்திருக்கிறவகிட்ட வாங்குங்க என்பார். எல்லாம் சிரித்த முகத்தோடுதான்.

கலந்தர் இதையெல்லாம் ஷெய்குவிடம் சொன்னது, மாப்பிள்ளையை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று காட்டத்தான்.

ஷெய்கு கேட்டுக்கொண்டிருந்தார். கடிகாரம் எப்படி வந்தது என்று மட்டும் கேட்டார்.

அது ருகையா சொன்ன யோசனை. சதக்கின் வாப்பா கொழும்பில் ஒரு கடையில் இருந்தவர். அங்கேயே காய்ச்சலில் மவுத்தாகி அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் ஊருக்கு வந்து சேரவில்லை. வெள்ளை முகம், கீழே நொடி முள்ளுக்கென்று தனியாக ஒரு சின்ன வட்டம். வாப்பா லீவில் வரும்போது அதைக் காதில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன் என்று சதக்கு ஒரு நாள் ருகையாவிடம் சொல்லியிருக்கிறான். அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தால் அவர் மனசு இந்த வீட்டில் நிற்கும் வாப்பா என்று ருகையா சொன்னாள்.

கலந்தர் டவுனுக்குப் பஸ் ஏறினார். பழைய கடிகாரம் விற்கிறவர்களிடம் ஏறி இறங்கினார். கடைசியில் ஒருவரிடம் அதே மாதிரி ஒன்று கிடைத்தது. முகம் கொஞ்சம் மஞ்சளடித்திருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல். வெளியே இருக்கிறதும் பழசு, உள்ளே இருக்கிறதும் அதே பழசு, எதையும் மாத்தலை என்று விற்றவர் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். கலந்தர் வாங்கி வந்து கொடுத்தார்.

சதக்கு அதைக் காதில் வைத்துக் கேட்டான். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சோறு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதுவரை அந்த வீட்டில் அவன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. கலந்தரின் மனைவி அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் கொஞ்ச நாளிலேயே சதக்கு அதைக் கழற்றி மாமனாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். இது என் கையில சரியா ஓடமாட்டேங்குது மாமா, நீங்களே வச்சுக்குங்க என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கலந்தருக்கு இன்னும் வலித்தது.

“அதனாலதான் கேக்கிறேன் ஷெய்கே. கடிகாரம் கோளாறு. என்னை ஏமாத்திட்டாங்க. நம்பிக்கையான ஒண்ணாப் பாத்து வாங்கிக் குடுத்திட்டா மாப்பிள்ளை மனசு திரும்பிடும்.”

“கோளாறுன்னு எப்படித் தெரியும், காக்கா?”

“நானே பாத்தேனே. மாப்பிள்ளை கையில இருக்கும்போதே.”

பாங்கு கேட்டதும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து முள்ளைச் சரி செய்கிற பழக்கம் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. ஆனால் அவரவர் கையில் இருப்பதைத்தான் செய்வார்கள். கலந்தர் மருமகன் கையில் இருந்ததைச் செய்திருக்கிறார். பாங்கு சொன்னதும், மாப்பிள்ளை கையைக் காட்டுங்க என்று பிடித்து, ஓரத்தில் இருக்கும் சாவிக் குமிழை வெளியே இழுத்து, முள்ளை நகர்த்தி, உள்ளே தள்ளி, கையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஐந்து நேரமும் செய்தார். கடையில் ஆள் இருந்தாலும் செய்தார். ஒரு தரம் சதக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தான், இடது கையைப் பிடித்துச் செய்துவிட்டார்.

ஷெய்கு இன்னொரு கடிகாரத்தைக் கையில் எடுத்தார். அது பளபளவென்று இருந்தது.

அதைக் கலந்தர் போன வாரம் வேறு ஒருவரிடம் வாங்கினாராம். முகத்துக்கு மட்டும் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தார்களாம். உள்ளே நாலைந்து கடிகாரத்துச் சாமானைப் போட்டு ஒட்ட வைத்திருந்தார்களாம். வீட்டுக்கு வந்ததும் நின்றுபோனது. மருமகனிடம் காட்டவே இல்லை.

ஷெய்கு அதைக் கைக்குட்டையில் வைத்தார். மஞ்சளடித்த கடிகாரத்தைக் கலந்தரின் கையில் கட்டிவிட்டார்.

“இப்ப மணி என்ன, காக்கா?”

கலந்தர் மணிக்கட்டைப் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் பள்ளிவாசல் சுவரில் இருக்கும் பெரிய கடிகாரம் தெரியும். எட்டிப் பார்த்தார், குமிழை இழுத்தார், திருகினார், தள்ளினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அஞ்சு பத்து.”

“எதைப் பாத்துச் சொன்னீங்க?”

“பள்ளிவாசல் கடிகாரத்தை.”

“கையில இருக்கிறது என்ன சொல்லிச்சு?”

கலந்தர் யோசித்தார். நிஜமாகவே ஞாபகம் இல்லை. முள்ளை நகர்த்தியதுதான் ஞாபகம் இருந்தது.

ஷெய்கு அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் குமிழைத் தொட்டுக் காட்டினார். இது உள்ளே இருக்கும்போது திருகினால் சாவி ஏறும், வெளியே இழுத்துத் திருகினால் முள் நகரும், அப்படித்தானே என்று கேட்டார். அப்படித்தான் என்றார் கலந்தர்.

“காலையில சாவி மட்டும் குடுங்க. குமிழை வெளிய இழுக்காதீங்க.”

“தப்பா ஓடினா?”

“பாருங்க. தொடாதீங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“அது என்ன கடிகாரம்னு உங்களுக்குத் தெரியிற வரைக்கும்.”

“அதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்திருமே ஷெய்கே. அந்த ஏஜென்ட் வந்திருவாரே.”

“வரட்டும்,” என்றார் ஷெய்கு.

கலந்தருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் கையை ஒற்றிக்கொண்டு போனார்.

ராத்திரி இஷா தொழுகை முடிந்ததும் திரும்பி வந்துவிட்டார். முகம் சுண்டியிருந்தது.

“இழுத்துட்டேன்.”

“எப்ப?”

“தெரியல. மஃரிபு பாங்கு கேட்டுச்சு. குனிஞ்சு பாத்தா குமிழ் வெளியில இருக்கு. என் விரல்தான் அதுல இருக்கு.”

நாளைக்குப் புதிதாக ஆரம்பியுங்கள் என்றார் ஷெய்கு. மறுநாள் மத்தியானமும் அப்படியே ஆனது. அதற்கு அடுத்த நாளும் வந்து நின்றார். ஷெய்கு சலித்துக்கொள்ளவில்லை. விரல் சும்மா இருக்கமாட்டேன் என்றால் தஸ்பீஹ் மணியை உருட்டச் சொல்லுங்கள் என்றார்.

அதிலிருந்து கலந்தர் பாங்கு நேரம் வந்தால் வலது கையில் தஸ்பீஹை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். இடது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வார். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். டீக்கடையில் விஷயம் பரவிவிட்டது. டீ ஆற்றுகிற மஸ்தான் அவரைப் பார்த்ததும், நோன்பு உமக்கா ஓய், கடிகாரத்துக்கா என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கலந்தரும் சிரித்தார். ஆனால் அந்தப் பக்கம் அப்புறம் இரண்டு நாள் போகவில்லை.

கடையில் அவருக்கு வேறு ஒரு கஷ்டம் வந்தது. கையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதிலேயே அவர் கவனம் முழுக்கப் போனது. அதனால் மற்ற விஷயங்களில் கை நீட்ட மறந்துபோனது.

ஒரு அம்மா மகனுக்குக் கைலி எடுக்க வந்தாள். சதக்கு கட்டம் போட்டதை முதலில் எடுத்துப் போட்டான். வெள்ளையைத்தான் முதலில் காட்ட வேண்டும், அப்புறம்தான் கலர் என்பது கலந்தரின் கணக்கு. சொல்வதற்கு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து பாங்கு கேட்டது. தஸ்பீஹைப் பிடித்தார். விரலை அடக்கி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது அந்த அம்மா கட்டம் போட்டதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

இன்னொரு நாள் சதக்கு ஒருவருக்குத் தப்பான அளவில் கைலி கொடுத்துவிட்டான். அது கலந்தருக்கு அப்போதே தெரிந்தது. எதனாலோ சொல்லவில்லை. மறுநாள் வாங்கிப் போனவர் கடைக்கு வந்து சத்தம் போட்டார். கலந்தர் பாதி எழுந்தார். அதற்குள் சதக்கு, என்மேலதான் தப்பு காக்கா என்று வந்தவரிடம் சொல்லி, வேறு எடுத்துக் கொடுத்து, வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தான். வந்தவன் மாமனார் முகத்தைப் பார்த்தான். அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றான். கலந்தர் உட்கார்ந்தார். அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய் அவன் வேலையைப் பார்த்தான்.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு கலந்தர் தைக்காவுக்கு வந்தார். ஏமாந்துபோன முகம்.

“தெரிஞ்சுபோச்சு ஷெய்கே. இது ஆகாது. பின்னால ஓடுது.”

“நேத்து ஒரு நாளைக்கு மட்டும் எவ்வளவு?”

“நாலு நிமிஷம்.”

“அதுக்கு முந்தின நாள்?”

“நாலு.”

“அதுக்கும் முந்தி?”

கலந்தர் வாயைத் திறந்தார். கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“அதே நாலுதான்,” என்றார் மெதுவாக.

ஷெய்கு வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினார். “எங்க வாப்பா நடந்தா இடது கால் கொஞ்சம் இழுக்கும். உங்களுக்குத் தெரியும்.”

“தெரியாம என்ன. வண்டியில இருந்து விழுந்தது. நான்தானே தூக்கினேன்.”

“பள்ளிவாசல்ல தொழுகை முடிஞ்சா அத்தனை பேரும் எங்க வீட்டு வழியாத்தான் போவாங்க. எங்க உம்மா உள்ள உக்காந்திருப்பாங்க. அத்தனை செருப்புச் சத்தத்துல அந்த ஒரு இழுப்பு கேக்கும். எழுந்து தட்டைக் கழுவுவாங்க. ஒரு நாளும் தப்பினதில்லை.”

கலந்தர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சத்தம் அவருக்கும் தெரியும். இந்தத் தைக்கா வாசலில் எத்தனையோ வருஷம் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தவர் அவர்.

கண்ணைத் திறந்ததும் மணிக்கட்டைப் பார்த்தார்.

“அப்ப இதையே மாப்பிள்ளைக்குக் குடுக்கலாமா?”

“குடுங்க.”

“என்ன சொல்லிக் குடுக்கட்டும்?”

“நாலு நிமிஷம் பின்னால ஓடும்னு சொல்லுங்க.”

“வேற?”

“வேற என்ன இருக்கு, காக்கா?”

கலந்தருக்கு வேறு நிறைய இருந்தது. தண்ணீர் படக்கூடாது, தூங்கும்போது கழற்றி வைக்க வேண்டும், வார் இறுக்கிக் கட்டக்கூடாது, தோல் வாரை வேர்வை தின்றுவிடும். அதையெல்லாம் ஒரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் எழுந்து, வாசலில் நின்று கடைசியாக ஒரு தரம் பள்ளிவாசல் கடிகாரத்தைப் பார்த்து முள்ளைச் சரி செய்துகொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பும்போது கடிகாரத்தைச் சதக்கின் முன்னால் வைத்தார்.

“மாப்பிள்ளை, இது நல்ல கடிகாரம். நாள் ஒண்ணுக்கு நாலு நிமிஷம் பின்னால ஓடும்.”

சதக்கு அதை எடுத்தான். மாமனாரின் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல வந்தவன் சொல்லாமல் கட்டிக்கொண்டான். வலது கையில் கட்டினான். கலந்தருக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

பள்ளிவாசலுக்கு நடக்கும்போது பாங்கு கேட்டது.

சதக்கு நின்றான். பழகிப்போனவன், தானாகவே கையை மாமனார் பக்கம் நீட்டிவிட்டான். டாக்டரிடம் கையை நீட்டுகிற மாதிரி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினான்.

கலந்தர் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நீட்டிய கை அப்படியே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. சதக்கு திரும்பிப் பார்த்தான். மாமனார் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வேர்த்திருந்தது. சதக்கு கையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கடிகாரத்தைப் பார்த்தான். குமிழைத் தொடவில்லை. நாலு நிமிஷத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டு, நேரம் இருக்கு மாமா, மெதுவாவே நடக்கலாம் என்றான்.

தெருமுனை வந்தது. அங்கே சதக்கு கேட்டான்.

“இதுக்குச் சாவி எப்பக் குடுக்கணும், மாமா?”

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் மருமகன் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“நான் காலையில குடுத்தேன்,” என்றார் கலந்தர். அதோடு நிறுத்திக்கொண்டார்.

தொழுகை முடிந்து சொன்னபடி அந்த ஏஜென்ட் வந்தார். சதக்கு அவரை வாசலில் உட்கார வைத்துப் பேசினான். கலந்தர் உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெளியே போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் என்ன என்று கால் துடித்தது. அவர் மனைவி கதவோரம் நின்று கேட்கப் போனாள். அவளையும் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

ஏஜென்ட் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சதக்கு உள்ளே வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனான். சாயங்காலம் ருகையா அடுப்படிக்கு வந்து உம்மாவின் காதில் சொன்னாள். பிள்ளை முகம் பார்க்காமல் எங்கேயும் வருவதாக இல்லை, அப்புறம் வேண்டுமானால் பேசலாம் என்று ஏஜென்டிடம் சொல்லி அனுப்பினாராம். பாஸ்போர்ட்டை எடுத்து அவள் பெட்டியில் வைக்கச் சொன்னாராம்.

ஒரு வாரம் கழித்துக் கலந்தர் ஒரு சீப்புப் பழத்தோடு தைக்காவுக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது இரண்டு தரம் அழுதார். ஷெய்கு அவருக்கும் ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தார்.

தின்று முடித்தும் கலந்தர் எழுந்து போகவில்லை. பாயின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டே இருந்தார்.

“இன்னும் என்ன, காக்கா?”

“ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை ராத்திரியிலதான் சாவி குடுக்கிறார்.”

“அப்படியா.”

“படுக்கப் போகும்போது குடுக்கிறார். எனக்கும் அவுகளுக்கும் நடுவுல ஒரு சுவர்தானே. கர்ர், கர்ர்னு கேக்கும். காதுல வச்சுக் கேப்பார் போல, அப்புறம்தான் லைட்டை அணைப்பார். அது கேக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. நேத்து நேரமாகியும் கேக்கல. மறந்திட்டாரோன்னு எழுந்து உக்காந்துட்டேன். அப்புறம்தான் கேட்டுச்சு.”

ஷெய்கு பழத்தோலை ஓரமாக எடுத்து வைத்தார்.

“காலையில குடுக்கிறதுதான் கடிகாரத்துக்கு நல்லதுன்னு வித்தவர் சொன்னார். ஒரே ஒரு தரம், தன்மையா எடுத்துச் சொல்லட்டுமா?”

“காலையில பாக்கும்போது ஓடுதா?”

“ஓடுது.”

“நின்னிருக்கா என்னைக்காவது?”

“இல்ல. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

“அப்ப நீங்க தூங்குங்க, காக்கா.”